டாலியில் தானியங்கிப் பதிவு தொடங்கும் முன்: கம்பெனிக் கணக்கைச் சோதிக்கும் முறை

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புகிறார்கள். சாயம் போடும் டையிங், துணி சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங் எல்லாம் வெளியே. தையலில் பாதி உள்ளே, மீதி பவர் டேபிளில், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வெளி யூனிட்டில். சரக்கு மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் போகிறது. கணக்கு டாலிபிரைம் என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. மாதம் சில நூறு வங்கி வரிகள், ஏறக்குறைய அதே அளவு பில்கள். முதலாளி எங்கேயோ ஒரு டெமோ பார்த்துவிட்டு வந்து, "பேங்க் ஸ்டேட்மென்ட்டப் போட்டா என்ட்ரி தானா விழுகுதாமா, நமக்கும் அதப் போட்டுக் குடுங்க" என்கிறார். அந்த வேலை உங்கள் கைக்கு வருகிறது.

டெமோ எப்போதுமே சுத்தமான கணக்கில்தான் நடக்கும். முப்பது லெட்ஜர் (ஒவ்வொரு ஆளுக்கும் செலவுக்கும் தனித்தனிக் கணக்குத் தலைப்பு), எல்லாவற்றுக்கும் ஒழுங்கான பெயர், எல்லா பில்லும் தெளிவான அச்சில். உண்மையான கம்பெனியில் ஒருவர் பின் ஒருவராக நாலைந்து கணக்காளர்கள் தட்டச்சு செய்த லெட்ஜர் பட்டியல் இருக்கும். ஒவ்வொருவரும் அவரவர் பழக்கத்தை அதில் விட்டுப்போயிருப்பார்கள். மென்பொருளுக்குத் தெரிவது லெட்ஜரில் எழுதியிருப்பது மட்டும்தான். கணக்காளரின் தலைக்குள் இருக்கும் விதிகள் அதற்குத் தெரியாது. ஆகவே தொடங்குமுன் செய்யும் சோதனையின் முக்கால்வாசி, அந்த எழுதப்படாத விதிகளைத் தேடி எடுத்து எழுதி வைப்பதுதான். செட்டிங் பார்ப்பதெல்லாம் மீதிக் கால்வாசி.

டாலியில் என்ட்ரி போடத் தெரிந்து, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் போனால் நல்லது.

முதலில் நகல்

நேரடிக் கணக்கில் கை வைக்காதீர்கள். பார்வையிடுவதற்காகத் திறப்பதுகூட வேண்டாம். டாலியின் டேட்டா மெனுவில் பேக்கப் எடுத்து, வேறு கணினியிலோ வேறு ஃபோல்டரிலோ ரெஸ்டோர் செய்து, கம்பெனியின் பெயரையும் மாற்றிவிடுங்கள். "சோதனை" என்று பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்தால் போதும். காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து டாலிக்குள் என்ட்ரி தள்ளும் பல கருவிகள், டாலி திறந்து வைத்திருக்கும் போர்ட் வழியாகப் பேசுகின்றன. வழக்கமாக அது 9000. எந்தக் கம்பெனி என்று நீங்கள் தெளிவாகச் சொல்லாவிட்டால், அப்போது திறந்திருக்கும் கம்பெனிக்குள் எழுதிவிடும். அசலும் நகலும் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேக்கப் எடுக்கும்போதே இன்னும் சில கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். டேட்டா எந்தக் கணினியில் இருக்கிறது? ஒருவர் மட்டும் பயன்படுத்தும் சில்வர் உரிமமா, பலர் பயன்படுத்தும் கோல்டா? கடைசி பேக்கப் எப்போது எடுத்தார்கள், அதே கணினியின் டி டிரைவிலேயே வைத்திருக்கிறார்களா? டாலி வால்ட் கடவுச்சொல் போட்டிருந்தால் அது யாரிடம் இருக்கிறது? அந்தக் கடவுச்சொல் தொலைந்தால் மீட்க வழியில்லை. பழைய கணக்காளரிடம் மட்டும் இருந்தால், மற்ற எதையும் விட முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஜி.எஸ்.டி. தளத்தின் கடவுச்சொல்லையோ நெட் பேங்கிங் விவரத்தையோ நீங்கள் கேட்டு வாங்க வேண்டாம். கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஸ்டேட்மென்ட்டையும், வாங்கிய சரக்குக்குக் கழித்துக்கொள்ளக்கூடிய வரியை ஜி.எஸ்.டி. தளம் பட்டியலிட்டுத் தரும் 2பி கோப்பையும் அவர்களே இறக்கித் தரட்டும். அப்புறம், நீங்கள் வைக்கப்போகும் கருவி பில் படங்களை எங்கே அனுப்புகிறது, எங்கே சேமிக்கிறது என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சம்பள லெட்ஜர்களும் பார்ட்னர்களின் சொந்தக் கணக்குகளும் வெளியே போவதைப் பலர் விரும்பமாட்டார்கள்.

கணக்காளரோடு அரை நாள்

கம்பெனியில் கணக்கு பார்க்கும் அக்காவோ அண்ணாவோ உங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். தன் வேலைக்கு வேட்டு வைக்க வந்தவர் என்று நினைப்பது இயல்பு. அவரிடம் "உங்க செட்டப் காட்டுங்க" என்று தொடங்கினால் எதுவும் வராது. நேற்றைய வங்கி ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்து அவர் முன் வைத்து, ஒவ்வொரு வரியையும் எந்த லெட்ஜரில் போடுவார், ஏன் என்று மட்டும் கேளுங்கள்.

"இது யாருங்க அக்கா? பேரு சுப்பிரமணினு வருது."

"அது நம்ம டையிங்காரரோட மச்சான். அவரு ஜிபே-ல இருந்துதான் திருப்பி அனுப்புவாரு. டையிங் கணக்குல போட்ரணும்."

இந்த மாதிரிப் பதில்களைத்தான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்க ஸ்டேட்மென்ட்டில் இப்படி ஐந்தாறு கிடைக்கும். முதலாளியின் மகன் தன் சொந்த அட்டையில் டீசல் போட்டுவிட்டு மாதக்கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்வார். ஒரு நூல் மில் இரண்டு பெயரில் பில் போடும், பணத்தை ஒரே கணக்கில் வாங்கும். பவர் டேபிள்காரருக்கு வாரம் சனிக்கிழமை முன்பணம் போகும், பில் மாதம் முடிந்து வரும். எக்செல்லில் நான்கு நெடுவரிசை போட்டு, ஸ்டேட்மென்ட்டில் வரும் வாசகம், போடவேண்டிய லெட்ஜர், காரணம், இதில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று நிரப்புங்கள். நான்காவது நெடுவரிசையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிற்பாடு அதிகம் உதவுவது அதுதான்.

இந்தப் பேச்சிலேயே இன்னொன்றும் வெளியே வரலாம். "அந்தக் கொடுக்கல் வாங்கல் இதுல வராதுங்க, அதுக்குத் தனி நோட்டு" என்றால், வெளியே காட்டாத கச்சா கணக்கு ஓடுகிறது என்று பொருள். என் கருத்தில், அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, ஆடிட்டரோடு பேசிவிட்டு வரச்சொல்வதுதான் சரி. பாதி பில் கணக்கில் வரும், பாதி வராது என்ற நிலையில், எது வரவேண்டும் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆளாக நீங்கள் ஆகிவிடுவீர்கள். அந்தப் பொறுப்பு உங்களுக்கு வேண்டாம்.

தொடக்க நிலுவை உட்காருகிறதா

இனி டாலிக்குள் போகலாம். பேலன்ஸ் ஷீட்டைத் திறந்து, தொடக்க நிலுவையில் வித்தியாசம் என்று ஒரு வரி வருகிறதா பாருங்கள். வந்தால் எங்கோ ஒரு லெட்ஜரின் தொடக்க நிலுவையை யாரோ தவறாகப் போட்டிருக்கிறார்கள், அல்லது மாற்றியிருக்கிறார்கள். அடுத்து, சென்ற ஆண்டு ஆடிட்டர் கையெழுத்திட்ட பேலன்ஸ் ஷீட்டை வாங்கி, இந்த ஆண்டு ஏப்ரல் 1 நிலுவைகளோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். தேய்மானம், வரி ஒதுக்கீடு, பார்ட்னர் சம்பளம் போன்ற ஆடிட்டர் பதிவுகள் டாலியில் ஏறாமலே பல கம்பெனிகள் வருடக்கணக்கில் ஓடுகின்றன. ஆடிட்டரிடம் ஒரு கணக்கு, கம்பெனியில் வேறொரு கணக்கு.

எதில் போடுவது என்று தெரியாத வரிகளை வைக்கும் சஸ்பென்ஸ் லெட்ஜரில் எவ்வளவு தொகை நிற்கிறது என்று பாருங்கள். சஸ்பென்ஸ் இருப்பது குற்றமில்லை. ஆறு மாதமாக அசையாமல் கிடந்தால், அந்த வரிகளைத் தீர்த்துவைக்க ஆளில்லை என்று அர்த்தம். தானியங்கிப் பதிவு தொடங்கியதும் கருவிக்குத் தெரியாத எல்லாமே அங்கேதான் போய்ச் சேரும். ஏற்கெனவே நிரம்பியிருக்கும் சஸ்பென்ஸில் புதிதும் கலந்தால் எது பழசு, எது புதுசு என்றே தெரியாது. புதிதாக ஒரு தனி லெட்ஜர் திறந்து, கருவிக்கு அதை மட்டும் கொடுங்கள்.

எக்ஸப்ஷன் ரிப்போர்ட்டில் நெகட்டிவ் லெட்ஜர்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ரொக்கக் கணக்கு எந்த நாளிலாவது மைனஸில் போகிறதா என்று நாள்வாரியாகப் பார்க்க வேண்டும். பெட்டியில் இல்லாத பணத்தை யாரும் செலவழிக்க முடியாது. மைனஸ் வந்தால் ஏதோ ஒரு வரவு விட்டுப்போயிருக்கிறது, அல்லது தேதி தவறு. அதே பட்டியலில், இன்னும் கணக்கில் சேராத ஆப்ஷனல் வவுச்சர்களும் மெமோராண்டம் வவுச்சர்களும் இருக்கும். மறந்துபோன பழைய ஆப்ஷனல் பதிவுகள் கிடந்தால் இப்போதே கேட்டுத் தீர்த்துவிடுங்கள். ஏன் என்பது கடைசியில் புரியும்.

லெட்ஜர் பட்டியல்: இங்கேதான் நேரம் போகும்

ஸ்டேட்டிஸ்டிக்ஸ் அறிக்கையைத் திறந்தால் எத்தனை லெட்ஜர், எந்த வகை வவுச்சர் எத்தனை என்று ஒரே பக்கத்தில் தெரியும். முழு லெட்ஜர் பட்டியலையும் குரூப், ஜி.எஸ்.டி. எண், தொடக்க நிலுவை ஆகியவற்றோடு எக்செல்லுக்கு எடுங்கள்.

டாலியில் பிறவியிலேயே 28 குரூப்கள் உண்டு. 15 முதன்மையானவை, 13 துணை. எந்த லெட்ஜர் எந்தக் குரூப்பின் கீழ் இருக்கிறது என்பதுதான் அது பேலன்ஸ் ஷீட்டில் எங்கே போய் உட்காரும் என்பதைத் தீர்மானிக்கிறது. அடிக்கடி கண்ணில் படும் தவறுகள் சில: ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கணக்கை வங்கிக் கணக்குகளின் கீழ் திறந்திருப்பது. முன்பணம் வாங்கும் பவர் டேபிள்காரரை ஒருவர் கடன் கொடுத்தோர் குரூப்பிலும் இன்னொருவர் லோன்ஸ் அண்ட் அட்வான்ஸிலும் திறந்திருப்பது. மெஷின் வாங்கிய பில் பராமரிப்புச் செலவில் போயிருப்பது. சரியான குரூப் எது என்பதில் சந்தேகம் வந்தால் நீங்களே முடிவு செய்யாமல் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது இரட்டை லெட்ஜர்கள். "முருகன் டையிங்" என்று ஒன்று, "ஸ்ரீ முருகன் டையிங்" என்று ஒன்று, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியோடு இன்னொன்று. மனிதருக்கு மூன்றும் ஒன்றே. இறக்குமதி செய்யும் கருவிக்கு மூன்றும் வேறு வேறு. எக்செல்லில் இருக்கும் பெயரும் டாலியில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிட்டால் பதிவு ஏறாது. சில கருவிகள் இன்னும் மோசம், பொருந்தாத பெயருக்குத் தாமாகவே புது லெட்ஜர் திறந்துவிடும். அந்த வசதி இருந்தால் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

இரட்டைகளைப் பெயரை வைத்துத் தேடுவது கடினம். ஜி.எஸ்.டி. எண்ணை வைத்துத் தேடுங்கள். 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண். ஒரே ஜி.எஸ்.டி. எண் இரண்டு லெட்ஜர்களில் இருந்தால் அவை ஒரே ஆள்தான். ஆனால் பான் ஒன்றாக இருந்து, முன்னால் ஒன்றில் 33, இன்னொன்றில் 27 என்று இருந்தால் சேர்த்துவிடாதீர்கள். தமிழ்நாட்டுப் பதிவு வேறு, மகாராஷ்டிரப் பதிவு வேறு. ஒன்றில் மத்திய, மாநில வரி என இரண்டாகப் பிரியும், மற்றதில் ஐ.ஜி.எஸ்.டி. போடவேண்டும். மும்பை ஆபீஸும் திருப்பூர் கிளையும் உள்ள வாங்குநர்களிடம் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

இரட்டை கண்டுபிடித்ததும் ஒன்றை அழிக்கத் தோன்றும். பதிவுகள் இருக்கும் லெட்ஜரை டாலி அழிக்கவிடாது. எது தொடரவேண்டும் என்று கணக்காளர் முடிவு செய்யட்டும். மற்றதன் நிலுவையை ஜர்னல் மூலம் மாற்றிவிட்டு, அதன் பெயருக்கு முன்னால் "பயன்படுத்தாதே" என்று போட்டு ஒதுக்கிவையுங்கள். தொடரும் லெட்ஜருக்கு மட்டும், ஸ்டேட்மென்ட்டிலும் பில்லிலும் வரும் பெயர்களை ஏலியஸாக (மாற்றுப் பெயராக) கொடுத்தால் தேடும்போது உதவும்.

பெயரில் "அண்ட்" என்பதற்குப் பதில் அந்தச் சுழித்த குறியை (&) போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எக்ஸ்.எம்.எல். என்ற கோப்பு வடிவம் வழியாகத் தள்ளும்போது அந்தக் குறியைச் சரியாக மாற்றி எழுதாத கருவியானால், அந்தப் பதிவு தடுக்கி நிற்கும். சின்ன விஷயம்தான், ஆனால் நம் ஊரில் "அண்ட் கோ" இல்லாத கம்பெனி எத்தனை?

பில்வாரியாக நிலுவை வைக்கிறார்களா என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். வைத்திருந்தாலும், வரும் பணத்தை எல்லாம் எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் "ஆன் அக்கவுண்ட்" என்று போட்டுக்கொண்டே வந்திருந்தால் அந்த வசதி பெயரளவில்தான் இருக்கிறது. எந்தப் பணம் எந்த பில்லுக்கு என்று கருவி பொருத்த வேண்டுமானால் பழைய நிலுவை பில்கள் சரியாக நிற்க வேண்டும். இதைச் சுத்தம் செய்வது பெரிய வேலை. முழுவதும் செய்ய முடியாவிட்டால், அதிக நிலுவை உள்ள பார்ட்டிகளை மட்டும் முதலில் சுத்தம் செய்து, மற்றவர்களுக்கு ஆன் அக்கவுண்ட் என்றே விட்டுவிடுவது தவறில்லை. கருவியை ஊகித்துப் பொருத்தவிடுவது மட்டும் கூடாது.

வரி அமைப்பும் தேதியும்

ஜி.எஸ்.டி. செட்டிங் பார்க்கும்போது விகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது. எந்தத் தேதியிலிருந்து அந்த விகிதம் என்பதையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்கள் மாறின. ஆயத்த ஆடையில் அதுவரை ஒரு உருப்படி 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. அன்று முதல் 2500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. செயற்கை இழை நூல் 12லிருந்து 5க்கு இறங்கியது. பருத்தி நூல் ஏற்கெனவே 5தான். அவசரத்தில் பல இடங்களில் ஐட்டம் மாஸ்டரில் பழைய விகிதத்தை அழித்துப் புதியதை எழுதிவிட்டார்கள். அப்படிச் செய்தால் பழைய தேதியில் ஒரு கிரெடிட் நோட்டோ விட்டுப்போன பில்லோ போடும்போது தவறான விகிதம் விழும். தேதியோடு கூடிய புதிய வரியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று ஐந்தாறு ஐட்டங்களைத் திறந்து பாருங்கள். ஆடைக்கு விலை அடுக்கு வைத்திருக்கிறார்களா, எல்லாவற்றுக்கும் நேராக 5 என்று போட்டுவிட்டார்களா என்பதும் முக்கியம்.

வரி லெட்ஜர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். சிலர் உள்ளீட்டு வரிக்கு ஒன்று, வெளியீட்டு வரிக்கு ஒன்று என்று வைப்பார்கள், சிலர் விகிதவாரியாக வைப்பார்கள். இரண்டும் சரிதான். பாதி வருடம் ஒரு முறை, பாதி வருடம் இன்னொரு முறை என்று இருந்தால்தான் சிக்கல். சரக்கின் வகையைக் குறிக்கும் எச்.எஸ்.என். எண்ணையும் பார்த்துவிடுங்கள். முந்தைய ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போனவர்கள் 6 இலக்கம் காட்டவேண்டும். அதே 5 கோடி எல்லைதான் 2023 ஆகஸ்ட் 1 முதல் மின் விலைப்பட்டியலான இ-இன்வாய்ஸுக்கும். இ-இன்வாய்ஸ் போடும் கம்பெனியில் விற்பனைப் பதிவை வெளிக்கருவி மூலம் ஏற்றினால், ஏற்கெனவே அரசுத் தளத்தில் எண் வாங்கிய பில்லுக்கு இன்னொரு முறை எண் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதாந்திர ஒப்பீடு ஒன்று போதும், கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடும். ஏதாவது மூன்று மாதங்களை எடுத்து, டாலியின் விற்பனையை விற்பனை ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்.-1 உடனும், உள்ளீட்டு வரியை 2பி உடனும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருப்பதல்ல பிரச்சினை. அந்த வித்தியாசத்துக்கு யாரிடமாவது விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரியான டி.டி.எஸ். பற்றி ஒரு வார்த்தை. நிட்டிங், டையிங் கூலிக்கு ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ ஆண்டில் 1 லட்சத்தைத் தாண்டினாலோ பிடிக்கவேண்டும். தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் 1 சதவீதம், மற்றவர்களுக்கு 2. பழைய வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணையே எடுத்து லெட்ஜருக்கு "194சி" என்று பெயர் வைத்திருப்பார்கள். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறிவிடுகின்றன. பிரிவு எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும்படி விதி எழுதாதீர்கள். "ஜாப் ஒர்க் பிடித்தம்" என்று வேலையின் பெயரில் எழுதினால் சட்டம் மாறினாலும் நிற்கும்.

வங்கி ஸ்டேட்மென்ட்

தானியங்கிப் பதிவில் பெரும்பாலோர் தொடங்குவது இங்கேதான், அதனால் ஸ்டேட்மென்ட்டின் வடிவத்தைக் கவனமாகப் பாருங்கள். எக்செல் கிடைக்கிறதா, கடவுச்சொல் போட்ட பி.டி.எஃப். மட்டும்தானா? தொகைகள் எண்ணாக இருக்கின்றனவா, எழுத்தாக இருக்கின்றனவா?

தேதிதான் பெரிய ஆபத்து. 03/04 என்பதை நாம் ஏப்ரல் 3 என்று படிப்போம். கணினியின் செட்டிங் அமெரிக்க முறையில் இருந்தால் அது மார்ச் 4 ஆகிவிடும். மார்ச் 4 என்றால் போன நிதியாண்டு. மாதத்தின் 12ஆம் தேதிக்குப் பிறகு வரும் வரிகள் ஒழுங்காக இருப்பதால் யாரும் கவனிக்கவே மாட்டார்கள். இதைப் பிடிக்க எளிய வழி, ஒவ்வொரு வரியிலும் முந்தைய நிலுவையோடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்தால் அந்த வரியின் நிலுவை வருகிறதா, தேதிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று எக்செல்லில் ஒரு சூத்திரம் போடுவது. வரிசை குலைந்தால் நின்று பாருங்கள்.

அதே நாளில் அதே தொகைக்கு இரண்டு யு.பி.ஐ. வரிகள் வந்தால் கருவி இரண்டாவதை நகல் என்று தள்ளிவிடுகிறதா? பவர் டேபிளுக்கு ஒரே நாளில் 5000, 5000 என்று இருமுறை அனுப்புவது சகஜம். பரிவர்த்தனை எண்ணை வைத்து நகல் பார்க்கும் கருவியா, தேதியும் தொகையும் வைத்துப் பார்க்கும் கருவியா என்று கேட்டுவிடுங்கள்.

கடன் தவணை இன்னொன்று. மெஷின் கடனுக்கு மாதம் ஒரு தொகை போகும். அதில் அசலும் வட்டியும் சேர்ந்திருக்கும், மாதாமாதம் அந்தப் பங்கு மாறும். "இ.எம்.ஐ. என்று வந்தால் கடன் லெட்ஜர்" என்று விதி எழுதினால் வட்டி முழுவதும் கடனிலேயே கழிந்து, லாபம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். வங்கியிடம் தவணை அட்டவணை வாங்கி அதன்படி பிரிக்க வேண்டும். வங்கிக் கட்டணத்திலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளே இருக்கிறது. சிறு தொகைதான், ஆனால் உள்ளீட்டு வரியாக எடுப்பதா இல்லையா என்று இந்தக் கம்பெனியில் இதுவரை என்ன செய்தார்கள் என்பதைக் கேட்டு அதையே தொடருங்கள்.

கடைசியாக, வங்கி லெட்ஜரை ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்பார்க்கும் வங்கிச் சரிக்கட்டல் எந்த மாதம்வரை முடிந்திருக்கிறது என்று பாருங்கள். ஆறு மாதமாகப் போடவில்லை என்றால், இடையில் கையால் போட்ட பதிவும் கருவி போடும் பதிவும் இரட்டிப்பாகும். அது முடியும்வரை தொடங்க வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பில்கள், எண்கள், ஆட்கள்

கொள்முதல் பில்கள் எப்படி வருகின்றன? பாதி வாட்ஸ்அப்பில், பாதி சரக்கு வண்டியோடு, கொஞ்சம் கையெழுத்தில். போன மாத பில் கட்டிலிருந்து கைபோன போக்கில் இருபது எடுத்துக் கருவியில் போட்டுப் பாருங்கள். விற்பவரின் பில் எண், பில் தேதி, ஜி.எஸ்.டி. எண், வரி, மொத்தம் இந்த ஐந்தும் சரியாக வருகின்றனவா என்பதுதான் கணக்கு. டாலியில் விற்பவரின் பில் எண்ணுக்குத் தனி இடம் உண்டு. சிலர் அதைக் காலியாக விட்டு, விவரக் குறிப்பில் எழுதுவார்கள். அப்படியானால் ஒரே பில் இருமுறை ஏறினால் கண்டுபிடிக்க வழியிருக்காது, 2பி ஒப்பீடும் பொருந்தாது.

விற்பனைக்கான வவுச்சர் எண்ணும் கவனம் கேட்கும். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண் 16 எழுத்துக்குள் இருக்கவேண்டும், ஒரே நிதியாண்டில் திரும்ப வரக்கூடாது. டாலியில் தானாக எண் விழும்படி வைத்திருந்து, நடுவில் ஒரு பழைய தேதிப் பதிவை நுழைத்தால் எண்கள் நகர வாய்ப்புண்டு. வெளிக்கருவிக்கென்று தனி வவுச்சர் வகையும் தனி முன்னொட்டும் வைத்தால் கலக்காது.

பிரைவேட் லிமிடெட் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்துவைக்கும் மென்பொருளைத்தான் பயன்படுத்தவேண்டும், அந்தப் பதிவை அணைக்கவும் கூடாது. டாலியில் இதற்காகவே எடிட் லாக் பதிப்பு இருக்கிறது. ஆடிட்டர் இதைப் பற்றித் தன் அறிக்கையில் சொல்லவேண்டும். தனி உரிமையாளர் கம்பெனிக்கு இந்த விதி இல்லை, ஆனாலும் எடிட் லாக்கை இயக்கிவைப்பது நல்லது. கருவிக்கென்று தனி யூசர் திறங்கள். கணக்காளரின் பெயரிலேயே கருவியும் பதிவு போட்டால், நாளைக்கு ஒரு தவறு வரும்போது அந்த அக்காதான் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

ஒரு பழைய மாதத்தில் ஓட்டிப் பாருங்கள்

இதுவரை எழுதியதை இரண்டு பக்கத்துக்குள் சுருக்கி முதலாளியிடமும் ஆடிட்டரிடமும் கொடுங்கள். உடனே சரிசெய்ய வேண்டியவை, தொடங்கிய பின் சரிசெய்யலாம் என்பவை, நீங்கள் தொடமாட்டாதவை என்று மூன்றாகப் பிரித்தாலே போதும். சுத்தம் செய்யும் வேலைக்குத் தனிக் கூலி பேசுங்கள். கருவி போடுவதற்குப் பேசிய தொகையிலேயே ஏழு வருடக் குப்பையையும் அள்ளச் சொல்வார்கள்.

பிறகு, ரிட்டர்ன் தாக்கல் செய்து முடிந்த ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். நகல் கம்பெனியில் அந்த மாதத்து வங்கி, கொள்முதல் பதிவுகளை நீக்கிவிட்டு, அதே ஸ்டேட்மென்ட்டையும் பில்களையும் கருவியிடம் கொடுத்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இப்போது அசலின் டிரையல் பேலன்ஸையும் (எல்லா லெட்ஜர் நிலுவைகளின் பட்டியல்) நகலின் டிரையல் பேலன்ஸையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எந்த லெட்ஜரில் வித்தியாசம் வருகிறதோ, அங்கே கணக்காளர் தலைக்குள் இருந்து நீங்கள் எடுக்காமல் விட்ட ஒரு விதி இருக்கிறது. சில இடங்களில் கருவி சரியாகவும் பழைய பதிவு தவறாகவும் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் தாக்கல் செய்த மாதத்து அசலை நீங்கள் திருத்தாதீர்கள். அது ஆடிட்டர் முடிவு.

நேரடிக் கணக்கில் தொடங்கும்போது, கருவி போடும் எல்லாப் பதிவும் முதலில் ஆப்ஷனலாக விழும்படி வையுங்கள். ஆப்ஷனல் பதிவு கணக்கில் சேராது, பார்த்து ஒப்புதல் கொடுத்த பின்தான் சேரும். கையால் மாற்ற கன்ட்ரோல் எல். பழைய ஆப்ஷனல் பதிவுகளை முன்பே தீர்க்கச் சொன்னது இதற்காகத்தான். தினமும் மாலை நாலு மணிக்கோ ஐந்து மணிக்கோ யார் அதைப் பார்த்து ஒப்புக்கொள்வது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அவர் விடுப்பில் போனால் யார் என்றும் கேட்டுவிடுங்கள்.

தொடங்கும் தேதியைப் பற்றி முதலாளிக்கு ஒரே எண்ணம்தான் இருக்கும்: ஏப்ரல் 1. புது வருஷம், புதுக் கணக்கு. ஆனால் ஏப்ரலில் தொடக்க நிலுவை முடிந்திருக்காது. தணிக்கை முடிந்து ஆடிட்டர் பதிவுகள் வர செப்டம்பர்கூட ஆகும். மார்ச் மாத பில்களும் அப்போதுதான் வந்துகொண்டிருக்கும், கணக்காளருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மாதாந்திர ரிட்டர்ன் போடும் கம்பெனியானால், ஜூலையிலோ அக்டோபரிலோ ஒரு மாதம் 20ஆம் தேதி 3பி (மாத வரி கட்டும் ரிட்டர்ன்) தாக்கலான மறுநாள் தொடங்குங்கள். அடுத்த தாக்கலுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும். முதல் மாதம் வங்கி மட்டும். பில்களை அடுத்த மாதம் சேர்க்கலாம்.